விருந்தினரின் கடன்

சித்திரை பிறந்து பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டால் நம் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு வருவோரின் எண்ணிக்கை குறையத் தொடங்கிவிடும். இப்பங்கிற்கு வந்த முதல் ஆண்டில், பக்தி தளர்ந்துவிட்டதோ என்று நாம் வருந்தியதுண்டு. மறையுரையில் சற்றுக் கடிந்தும் பேசிவிட்டோம். பிறகுதான் விவரம் புரிந்தது. மக்கள் ஊரிலேயே இல்லை. வெயில் 40 பாகையைத் தொடும் அந்நாள்களில், தறிக்கூடத்தின் தகரக் கூரைக்கடியில் ஆண்டெல்லாம் வெந்தவர்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உறவினர் வீடுகளுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கும் வசதி படைத்தோர் நம் பங்கில் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் உறவினர் வீடுதான். அதிலும் கடற்கரை ஊரில் ஓர் உறவு வாய்த்துவிட்டால் அது பெரும்பேறு. வேளாங்கண்ணி அன்னையைச் சந்தித்ததாகவும் ஆயிற்று, கடலில் குளித்ததாகவும் ஆயிற்று, உடன்பிறந்தவளைக் கண்டு வந்ததாகவும் ஆயிற்று.

இந்த விடுமுறைக்கு எதிராக எதையும் சொல்ல நாம் முற்படவில்லை. ஓய்வைக் குறித்துக் குற்றவுணர்வு கொள்ளுமாறு திருச்சபை எவரையும் பணித்ததில்லை. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் களிப்பையும் விளையாட்டையும் பற்றி ஆராயும் இடத்தில், திருத்தூதர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை எடுத்தாள்கிறார். யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களுள் ஒருவன் வில் வைத்திருந்தான். அம்பு எய்யச் சொன்னார் யோவான், எய்தான். மீண்டும் மீண்டும் எய்யச் சொல்லி, இப்படியே ஓயாமல் செய்ய இயலுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித உள்ளமும் அவ்வாறே என்றார் யோவான். தோமையார் இத்தோடு நில்லாமல், தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுப்பவனிடம் குற்றம் உண்டு என்றும் எழுதிவைத்தார். நம் குருமட நாள்களில் இப்பகுதியைப் பாடமாகக் கேட்டபோது வகுப்பே மகிழ்ந்தது நினைவிருக்கிறது.

ஆயினும் வில்லைத் தளர்த்தும்போது அதன் இறுக்கம் எங்கே போகிறது என்பதைத் தோமையார் கேட்கவில்லை. அக்கேள்வியை எழுதப் படிக்க மட்டும் கற்ற ஒரு பெண்மணி நம்மிடம் கேட்டார். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் விசைத்தறிகள் நிறைந்த சிற்றூர் அவருடையது. கணவர் கூலிக்குத் தறி ஓட்டுபவர். இவர் வீட்டிலிருந்தபடி தார் சுற்றுபவர். தறி ஓடினால் கூலி, நின்றால் இல்லை. ஆகவே இவர்களுக்கு விடுமுறை என்பது சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு அன்று. கூலியை இழந்து வாங்கும் ஓய்வு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையேல், செல்வர் வீட்டார் ஏழை வீட்டில் போய் உண்டு கொழுத்த கதையாக இதை வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடும். இது அத்தகைய கதை அன்று. இரு வீட்டாரும் ஏழைகளே.

அவருடைய அக்காள் வாழ்க்கைப்பட்டது நாகப்பட்டினத்தில். அக்காளின் கணவர் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறார். விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது மீனைப் பதப்படுத்த ஏற்றிச் செல்லும் பனிக்கட்டியை உடைத்து ஏற்றுவது அவர் வேலை. சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு மே மாதத்தில், தங்கை தம் இரு பிள்ளைகளோடு அங்கே போய்ப் பத்து நாள் தங்கினார். கடைசி மூன்று நாள்களுக்குக் கணவரும் வந்து சேர்ந்துகொண்டார். வெறுங்கையோடு போகவில்லை. ஒரு பெட்டி மல்கோவா மாம்பழம், நான்கு கிலோ சவ்வரிசி, இரண்டு அட்டை முட்டை. 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு, பேருந்தில், அறுபது முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போவது எளிய அன்பு அன்று.

அந்தப் பத்து நாளைப் பற்றி அவர் சொன்னபோது முகம் மலர்ந்தது. மாலை தோறும் கடற்கரை. ஒரு நாள் வேளாங்கண்ணி. ஒரு நாள் தரங்கம்பாடி. 1620-இல் டேனியர் கட்டிய கோட்டையின் மேலே நின்று பிள்ளைகள் கூவினார்களாம். இரவில் தறியின் சத்தம் இல்லை. அதுவே முதல் இரண்டு நாள் உறக்கம் வராமற் செய்தது, பிறகு வாழ்நாளில் உறங்காத உறக்கம் வந்தது என்றார். காலையில் எழ முயன்றால் அக்காள், "நீ எதுக்குப் புள்ள எந்திரிக்கற? படுத்திரு. அங்க போனா யாரு உன்னப் படுக்க விடப் போறாங்க?" என்பாராம். நாள்தோறும் இலையில் மீன். வஞ்சிரம் வறுவல், இறால், ஒரு நாள் நண்டு. விடியுமுன்னே அக்காள் கரைக்குப் போய் வாங்கி வந்துவிடுவார்.

பிள்ளைகள் கடலில் இறங்கும்போது அக்காளின் கணவர் மட்டும் மணலில் உட்காரமாட்டாராம். நின்றபடியே தலைகளை எண்ணிக்கொண்டிருப்பாராம். "மாமா, நீங்களும் வாங்க" என்று எத்தனை முறை அழைத்தும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்கு மறுநாள். அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குத் திருவிழாக் காண வந்திருந்த வெளியூர் விருந்தினர் பலரும் அவர்களுள் அடங்குவர். சமவெளியில் வாழும் நமக்குக் கடல் ஒரு காட்சி. கரையில் வாழ்வோருக்கு அது அப்படியன்று. விருந்தினர் களித்திருந்த அந்த ஒரு மணி நேரமும் அம்மனிதருக்கு வேலை நேரமாகவே கழிந்தது.

திரும்பி வரும் வழியில், முசிறியைத் தாண்டி வண்டி காவிரிக் கரையோடு வந்துகொண்டிருந்தபோது, எட்டு வயது மகள் சொன்னாள்: "அம்மா, பெரியம்மா சங்கிலிய அடகு வெச்சிருக்காங்களாம். நாம போனப்புறம் பெரியப்பாவுக்கு வேலை வந்ததும் மீட்டுக்குவாங்களாம். அக்காதான் சொல்லுச்சு."

வீட்டுக்கு வந்ததும் இவர் தொலைபேசியில் கேட்டார். அக்காள் சிரித்தார், குழந்தை ஏதோ உளறுகிறது என்றார். இவர் விடவில்லை. கடன் வாங்கி, 5,000 ரூபாயைக் கைப்பேசி வழியாகவே அனுப்பி வைத்தார். சில நிமிடங்களில் அத்தொகை அப்படியே திரும்பி வந்துவிட்டது. அதன்பின் அக்காள் இவருடைய அழைப்பை எடுக்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். திருவருகைக் காலத்தில் ஒரு நாள் மாலை பங்கு இல்லத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதார். "தெரியாமச் செஞ்சதுங்க சாமி. இது பாவமுங்களா? பணத்தையும் வாங்க மாட்டேங்கறா. நான் என்னதானுங்க பண்றது?"

இரண்டு கேள்விகள். தெரியாமல் சுமத்திய சுமை பாவமாகுமா என்பது ஒன்று. அன்பால் தந்ததற்கு ஈடு செய்ய இயலுமா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குக் குருமடத்தில் கற்ற விடை நம்மிடம் ஆயத்தமாக இருந்தது. அறியாமை இரு வகைப்படும்: தவிர்க்க இயலாத அறியாமை, தவிர்த்திருக்கக்கூடிய அறியாமை. முன்னதற்குக் குற்றம் இல்லை. பின்னதற்கு, அறிந்துகொள்ள எடுத்திருக்க வேண்டிய முயற்சியின் அளவுக்குப் பொறுப்பு உண்டு. இவ்வாறு விளக்கிவிட்டு, உமது அறியாமை முதல் வகை, மன அமைதியோடு போம் என்று அனுப்பியிருக்கலாம். நம் வாய் வரை அச்சொற்கள் வந்தன. ஆனால் அது உண்மைதானா?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் 2001-ஆம் ஆண்டு முதல் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கிறது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவத்தில் கடலுக்குச் சற்று ஓய்வு தருவதே நோக்கம். தொடக்கத்தில் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள்களாக இருந்தது. 2017 முதல் ஜூன் 14 வரை நீட்டிக்கப்பட்டு 61 நாள்களாயிற்று. இந்நாள்களில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். நாட்டுப்படகுகள் மட்டும் அருகே போய் வரும். படகு நின்றால் ஐஸ் கம்பெனியும் நிற்கும். வலை பின்னுவோர், மீன் சுமப்போர், ஏலம் விடுவோர், வண்டி ஓட்டுவோர் அனைவருக்கும் அதே கதிதான். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. 5,000 ரூபாயாக இருந்த அத்தொகை 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது மீனவர் என்று பதிவு பெற்ற குடும்பங்களுக்கு உரியது. பனிக்கட்டி உடைப்பவருக்கு அதில் இடமில்லை.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் இதே நாள்களில்தான் வருகிறது. சமவெளி ஓய்வெடுக்கும் காலமும் கடற்கரை வருமானமின்றி இருக்கும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் அம்மாதத்தில் கடலோர வீட்டில் விருந்தினர் இலையில் விழும் ஒவ்வொரு மீன் துண்டும், நாட்டுப்படகு கொண்டுவந்த சொற்ப மீனிலிருந்தோ, மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த மீனிலிருந்தோ, ஏறிய விலைக்கு வாங்கப்பட்டது. மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன், ஜூலை என்பதால் மே மாதத்தில் அங்கிருந்து மீன் வருகிறது. நாகையில் உட்கார்ந்து கேரளத்து மீனை உண்டுவிட்டு, கடலோரத்து மீனின் சுவையே தனி என்று மெச்சியவர்களும் இருக்கக்கூடும்.

இவையெல்லாம் அப்பெண்மணிக்குத் தெரியாதவையா? நாம் மெல்லக் கேட்டோம். தெரியும் என்றார். ஆண்டு தோறும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். திருச்செங்கோட்டுச் சந்தையிலும் அம்மாதங்களில் மீன் விலை ஏறுவதை அவரே குறைப்பட்டுக்கொண்டதுண்டு. தடைக்காலம் தெரியும், மாமாவின் வேலை தெரியும், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. "சேர்த்துப் பாக்கத் தோணலைங்க" என்றார்.

இதற்கு எந்த வகுப்பிலும் நாம் பெயர் கற்கவில்லை. அறியாமை என்று இதைச் சொல்ல இயலாது. தீய எண்ணம் என்று சொல்வதற்கோ துளியும் இடமில்லை. அன்பு மிகுந்த இடத்தில் நாம் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கலாகாது என்று எண்ணுகிறோம். அந்த எண்ணத்தின் நிழலில், பார்க்க வேண்டியதையும் பாராமல் இருந்துவிடுகிறோம். அவரை மட்டும் சொல்வானேன்? இத்திண்ணையில் இப்பக்கம் உட்கார்ந்திருந்தவரின் கதை இதைவிட மோசமானது.

1990-களின் நடுவில் நாம் இறையியல் மாணவராக இருந்தபோது, உடன்பயின்ற நண்பர் ஒருவர் கோடை விடுமுறையில் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைச் சிற்றூர். எட்டு நாள் தங்கினோம். அவருடைய தாயார் கைம்பெண். நமக்கென்று கயிற்றுக்கட்டில், நமக்கென்று தனித் தட்டு, வேளைக்கு ஒரு வகை மீன். கடைசி நாளுக்கு முந்திய நாள், நண்டு உண்டு வெகுநாளாயிற்று என்று நாமே வாய்விட்டுச் சொன்னோம். மறுநாள் நண்டு வந்தது. உண்டோம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அத்தாயாரின் அடக்கத் திருப்பலிக்குப் போயிருந்தோம். இரவு எல்லாரும் உட்கார்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தபோது நண்பரின் தங்கை சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வந்துட்டுப் போன வருசம் எனக்குப் பொஸ்தகம் வாங்க ஆகஸ்டு மாசம் ஆயிட்டு சாமி. ஆனா சாமியாராப் போறவங்க எங்க வீட்டுல வந்து தங்கினாங்கன்னு அம்மைக்கு ரொம்பப் பெருமை." அவர் மனத்தில் குறை ஏதும் இல்லை. அதனால்தான் அச்சொல் இன்றுவரை நம்மை விடவில்லை.

குருக்களாகிய நாம் தொழில்முறை விருந்தினர். வீடு சந்திக்கப் போனால் காப்பி, வீடு மந்திரிக்கப் போனால் கோழி, அன்பியக் கூட்டம் என்றால் வடை. எதிர்த்து ஏதேனும் சொல்லப் புகுந்தால் வீட்டுக்காரரின் மனம் புண்படும். இந்நாட்டில் நம் நம்பிக்கை வேர்விட்டதே விருந்தினராக வந்தவர்களால் அன்றோ? 1623-இல் இராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து வடக்கே வந்தபோது, நம் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் அவரை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டவர் பெயராவது வரலாற்றில் நிற்கிறது. சமைத்துப் போட்டவர் பெயர் எங்கும் இல்லை.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. அவற்றுள் ஒவ்வொன்றும் வீட்டுக்கு உரியவனை நோக்கிப் பேசுவது. முகம் சற்று மாறினாலும் விருந்தினர் வாடிவிடுவர் என்பதைச் சொல்ல, மோந்தாலே வாடும் அனிச்ச மலரை வள்ளுவர் கொண்டுவருகிறார். விருந்தினராகச் செல்பவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் அதிகாரம் அவர் வைக்கவில்லை. அதை ஊர்ப் பழமொழி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார் போலும்: விருந்தும் மருந்தும் மூன்று நாள். தொடக்கத் திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூலான திதாக்கேயும் வழிப்போக்கராக வரும் சகோதரர் இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் தங்கலாம் என்றே வரம்பு கட்டுகிறது. கிரேக்கத்தில் எழுதியவருக்கும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கிறது. இருவரும் சமைத்துக் களைத்தவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

அக்காளின் சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். "பணமா? அதெல்லாம் இருக்குது" என்று அவர் தங்கையிடம் சொன்னார், அது உண்மையன்று. பொய்யைப் பற்றித் தனியே இரு நூல்கள் எழுதிய புனித அகுஸ்தீனார் எந்தப் பொய்யையும் அனுமதித்தவர் அல்லர், நன்மைக்காகச் சொல்வதையும் கூட. ஆனால் உண்மையை மறைத்தல் வேறு, பொய்யுரைத்தல் வேறு என்று அவரே பிரித்துக் காட்டுகிறார். அகுஸ்தீனாரின் தராசில் அக்காள் எந்தப் பக்கம் நிற்பார் என்று நாம் தீர்ப்பிடப்போவதில்லை. நம் தாய்மார் அனைவரையும் அதே தராசில் நிறுத்த வேண்டியிருக்கும். "எனக்குப் பசிக்கலை, நீ சாப்பிடு" என்று சொல்லாத தாய் யார்? அந்தச் சொல்லை நாம் நம்புவது மட்டுமே நம் கணக்கில் வருகிறது. நம்புவது நமக்கு வசதியாக இருக்கிறது.

இங்கே திருநூலிலிருந்து ஓர் எதிர்வாதம் எழும். நம்மை நீண்ட நாள் குழப்பிய இடம் அது. பஞ்ச காலத்தில் இறைவாக்கினர் எலியா சீதோன் நாட்டுச் சாரிபாத்துக்குப் போகிறார். அது கடற்கரைப் பட்டினம். நகர வாயிலில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த கைம்பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். பிறகு அப்பம் கேட்கிறார். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும்தான் உள்ளன, அதைச் சுட்டு மகனும் தானும் உண்டுவிட்டுச் சாகப்போவதாக அவள் சொல்கிறாள். எலியா என்ன செய்கிறார்? சரி அம்மா, வேறு வீடு பார்க்கிறேன் என்று போய்விடவில்லை. முதலில் எனக்கு ஒன்று சுட்டுக் கொண்டுவா என்கிறார். அரசர்கள் முதல் நூல் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசகர் தாமே படித்துக்கொள்ளலாம். ஏழையிடம் பெறலாகாது என்பது இறைவனின் சட்டமானால், எலியா அதை மீறியவராகிவிடுவார்.

அந்த விதவைக்குக் கொடுக்கும் உரிமை இருந்தது. அதை எலியா மறுக்கவில்லை. ஏழையிடமிருந்து எதையும் பெறமாட்டேன் என்பது கருணை போல் தோன்றும்; ஆழத்தில் அது அவனைத் தனக்குச் சமமாக எண்ண மறுப்பது. பணத்தைத் திருப்பி அனுப்பிய நாகப்பட்டினத்து அக்காள் இதைத்தான் உணர்ந்திருக்க வேண்டும். பத்து நாள் தங்கைக்குச் சோறு போட்டவர், தொகை வந்து சேர்ந்த ஓசை கேட்ட கணத்தில் விடுதிக்காரியாக ஆக்கப்பட்டார். ஆகவே இரண்டாம் கேள்விக்கு, பணத்தால் ஈடு செய்ய இயலாது, முயலவும் கூடாது என்பதே விடை.

அப்படியானால் எலியாவைப் போல் நாமும் கேட்டு வாங்கி உண்ணலாமா? நண்டு கேட்ட குருமாணவர் எலியாவைத் தம் பக்கம் இழுக்கப் பல ஆண்டு முயன்றார் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எலியாவுக்கு அவ்வீட்டின் மாவு அளவு தெரியும். அவள் சொன்னாள், அவர் கேட்டார், தெரிந்துகொண்டுதான் தங்கினார். அவர் தங்கிய நாளெல்லாம் பானையில் மாவு குறையவில்லை. அவள் மகன் நோயுற்று உயிர் நீங்கியபோது, அவனைத் தம் மேலறைக்குத் தூக்கிச் சென்று ஆண்டவரிடம் போராடினார். நாமோ எலியா கேட்டதை மட்டும் கற்றுக்கொண்டோம். பானையை எட்டிப் பார்க்கக் கற்கவில்லை.

ஓய்வுநாள் கட்டளையைப் படிக்கும்போதும் இது புலப்படும். நீ ஓய்ந்திரு என்று மட்டும் அக்கட்டளை சொல்லி நிறுத்தவில்லை. மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, வீட்டில் தங்கியிருக்கும் அந்நியர் என்று ஒரு பட்டியலையே தருகிறது. உன் ஓய்வின் பாரம் வேறெவர் தோளிலும் ஏறலாகாது என்பதே இணைச்சட்டம் இதற்குத் தரும் விளக்கத்தின் சாரம். எகிப்தில் ஓய்வின்றி உழைத்தது மறந்துவிட்டதா என்று அது நினைவூட்டுகிறது. ஒன்று மட்டும் இப்பட்டியலில் விடுபட்டிருக்கிறது: மனைவி. 'நீ' என்பதிலேயே அவளும் அடங்குவாள் என்பர் விவிலிய அறிஞர். அடுப்படியில் நிற்கும் நம் பெண்களைக் கேட்டால் வேறு விளக்கம் தரக்கூடும்.

புனித ஆசீர்வாதப்பர் தம் துறவற ஒழுங்கின் 53-ஆம் அதிகாரத்தில், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அவ்வளவோடு நின்றிருந்தால் அழகிய மறையுரையாகப் போயிருக்கும். அவர் சமையலறையை எண்ணிப் பார்த்தவர். வேளை கெட்ட வேளையில் வரும் விருந்தினரால் மற்றத் துறவியருக்கு இடையூறு நேராதிருக்கத் தனிச் சமையலறை வைத்தார். அங்கே வேலை பார்ப்போர் முணுமுணுக்காமல் பணிபுரியும்படி, தேவைப்படும்போது துணைக்கு ஆள் தரவேண்டும் என்றும் எழுதினார். முணுமுணுப்பவரைக் கண்டிப்பதைவிட துணையாள் அனுப்புவது மேல் என்று அவர் கண்டிருக்கிறார். ஆறாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டவரைப் பற்றி நம் குருமடத்தில் சமையற்கட்டை ஒட்டி ஒரு வகுப்பாவது எடுத்திருக்கலாம்.

அன்று அப்பெண்மணிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தப்பித்தோம் என்று எழுந்து போயிருப்பார். நாம் சொன்னது கன்னி மரியாவைப் பற்றி மட்டுமே. அன்னை எலிசபெத்தைச் சந்தித்த திருவிழா மே 31. 1969 வரை ஜூலை 2-இல் கொண்டாடப்பட்டு வந்ததைத் திருவழிபாட்டுச் சீர்திருத்தம் மாற்றியது. நம் கோடை விடுமுறையின் கடைசியில், பள்ளி திறக்கும் தறுவாயில் வருவதால் அதை யாரும் கவனிப்பதில்லை. உறவினர் வீட்டுக்குச் சென்று தங்கிய ஒருவரின் திருவிழா அது. ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. பழமொழியையும் திதாக்கேயையும் சேர்த்தே மீறிவிட்டார். அங்கே என்ன செய்தார் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் முதிர்ந்த வயதில் ஆறு மாதக் கருவைச் சுமந்த ஒருத்தியின் வீட்டில், பேச்சிழந்த கணவரும் உடனிருக்க, இளம்பெண் ஒருத்தி மூன்று மாதம் படுத்திருந்தாள் என்று நம்மால் எண்ண முடியவில்லை.

"அம்மா, பணம் அனுப்பாதீர்கள். அவர்களை இங்கே வரச்சொல்லுங்கள்" என்றோம். "எப்பங்க சாமி?" என்றார். "தடைக்காலத்தில்தான். வேலை இல்லாமல் அவர்கள் வீட்டில் இருக்கும் மாதம் அது ஒன்றுதானே?" என்றோம். அழைப்பை எடுத்தால்தானே அழைக்க முடியும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடிதம் எழுதச் சொன்னோம். கடிதம் எழுதி எத்தனை ஆண்டாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பங்கு அலுவலகத்திலிருந்து ஓர் உள்நாட்டு உறை கொடுத்தனுப்பினோம். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மே மாதம் இரண்டாம் ஞாயிறு, திருப்பலி முடிந்து மக்கள் கலையும்போது ஒரு குடும்பம் நம்மை நோக்கி வந்தது. நெடிய, கறுத்த, கைகளில் தழும்பேறிய மனிதர். அவர் பின்னால் தங்கையின் சாயலோடு ஓர் அம்மாள். "சாமி, இவங்கதான் எங்கக்கா" என்றார் தங்கை. வந்து நான்கு நாள் ஆகிறதாம். மாமாவுக்கு இரவில் தறிச் சத்தத்தில் உறக்கமே வரவில்லையாம்; வெளியே கட்டிலைப் போட்டுப் படுத்தால், காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அக்காளோ முதல் நாளே அடுப்படிக்குள் புகுந்துவிட்டார். சொன்னால் கேட்கவில்லை. கடைசியில் காலைச் சமையல் அக்காளுக்கு, இரவுச் சமையல் தங்கைக்கு, இடையில் தார் சுற்றும் வேலை இருவருக்கும் என்று உடன்படிக்கை ஆகியிருக்கிறது. "இவ சுத்தறது எல்லாம் அறுந்து போவுது சாமி" என்று தங்கை குறை சொன்னார். "நீ மீன் கழுவுனதை நான் யார்கிட்டயாச்சும் சொன்னனா?" என்றார் அக்காள்.

நற்கருணை வழங்கும்போது அந்த அம்மாளின் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று நம் கண் ஒரு கணம் தாழ்ந்தது. இதை மறைப்பானேன்? கையில் ஆண்டவரின் திருவுடலை ஏந்திக்கொண்டு நாம் தேடியது அதை. மஞ்சள் கயிறுதான் இருந்தது. அதன் பொருள் மீட்கவில்லை என்பதா, பயணத்துக்குப் பயந்து கழற்றி வைத்தார் என்பதா, இங்கே வரும் பேருந்துக் கட்டணத்துக்காக மறுபடியும் வைத்தாரா என்பதை இன்றுவரை நாம் கேட்கவில்லை. தங்கை கேட்டிருப்பார். இவ்வாண்டு அவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றே தோன்றுகிறது.

மறுநாள் மாலை மாமா தனியே பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். நெத்திலிக் கருவாடு. "தடைக்காலத்துக்கு முந்தி வாங்கிக் காய வெச்சதுங்க" என்றார். நாம் பெற்றுக்கொண்டோம். தங்கை வீட்டில் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டோம். தறி முதலாளி ஒருவர் மூட்டை ஏற்றும் வேலைக்கு ஆள் தேடுகிறாராம். படகு இறங்கும் வரை அங்கேயே இருக்கலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டு, காற்று வரும் திசையைப் பார்த்தபடி சற்று நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.